கதைப்பதற்கென்று ஒரு ஸ்பீக்கர்

போன மாதம் எங்கள் வீட்டு ரிசீவர், டிவி சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் அந்தப் பெட்டி, உயிரை விட்டது.

பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. சனிக்கிழமை மாலை. படம் தொடங்கி, கதாநாயகன் பஸ்ஸை விட்டு இறங்குகிறான்... 'டிக்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே லேசாக ஒரு கருகல் வாசனை. அவ்வளவுதான்.

"அப்ப நான் போய்ப் படுக்கிறன்" என்று ஸ்டெல்லா எழும்பினாள்.

ஸ்டெல்லா என் மனைவி. இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு அவளைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 'அக்காவை ஏன் இப்படிக் கிண்டல் செய்கிறீர்கள்?' என்று என்னைத் திட்டி எழுதுகிறவர்கள்தானே நீங்கள்!

ரிசீவர் போனதில் எனக்குத் துக்கமில்லை. அவள் எழுந்து போனதில்தான் துக்கம். சனிக்கிழமைப் படம் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி. அவளுக்கு ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் பெரிய லாண்டரியில் ஷிப்ட் வேலை. எனக்கு டிராம் ஓட்டும் வேலை. வாரத்தில் பல நாள் நாங்கள் சந்திப்பதே படிக்கட்டில்தான் — ஒருவர் ஏறும்போது ஒருவர் இறங்குவோம். மகள் கல்யாணமாகி வால்டோர்ஃப் போன பிறகு, ஜெர்மனியின் எசன் நகரத்து இந்த வீட்டில் இருவரும் ஒரே சோபாவில் உட்காரும் நேரம் அது ஒன்றுதான்.

அதற்கும் ஆபத்து வந்திருந்தது. கொஞ்ச காலமாகவே அவள் படம் பாதியில் எழும்பிவிடுகிறாள். கேட்டால் 'நித்திரை வருது' என்கிறாள். ஒருநாள் சரி. ஒவ்வொரு சனிக்கிழமையுமா? படம் பிடிக்கவில்லையா, பக்கத்தில் இருக்கிறவனைப் பிடிக்கவில்லையா? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கிற தைரியம் எந்தக் கணவனுக்கு இருக்கிறது?

நான் என்ன செய்தேன்? ஆண்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பழியை மெஷின் மேல் போட்டேன். சத்தம் சரியில்லை, அதுதான் அவளுக்கு அலுக்கிறது. நல்ல சாமான் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்!

உடனே மருமகனுக்கு போன் போட்டேன். கார்த்திக் கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர் என்ஜினியர். தோசைக்கல் வாங்குவதற்கே விடிய விடிய ரிவ்யூ படிக்கிற ரகம்.

"மறுபடியும் ரிசீவரா? வேண்டவே வேண்டாம் மாமா. எல்லாத்தையும் ஒரே பாக்ஸ்ல அடைச்சு வச்சிருப்பாங்க. எல்லாமே காம்ப்ரமைஸ். நீங்க செபரேட்ஸ் போங்க. சிக்னலைச் சீராக்குற ப்ரீ-ஆம்ப் தனி, ஸ்பீக்கருக்கு சக்தி குடுக்குற பவர் ஆம்ப் தனி. ஒண்ணு ரிப்பேர் ஆனா அதை மட்டும் மாத்திக்கலாம். கூட ரெண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். சவுண்ட் சும்மா அப்படியே உள்ள இறங்கும்!"

அவன் சொல்லாவிட்டாலும் நான் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருப்பேன். பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய காலத்திலேயே, கடைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருந்த அந்தத் தனித்தனிப் பெட்டிகளைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். பிறகு வேலை, வீடு, பிள்ளை என்று ஆசை தள்ளித் தள்ளிப் போய்விட்டது. இப்போது நல்ல சாட்டு கிடைத்திருக்கிறது. விடுவேனா?

ஜெர்மனியில் ஸ்பீக்கர் கேட்டுப் பார்ப்பதற்கும் டெர்மின் எடுக்க வேண்டும், தெரியுமோ? பல்லுப் பிடுங்கப் போகிற மாதிரி நாளும் நேரமும் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். 'வீட்டில் வழக்கமாகக் கேட்பதைக் கொண்டு வாருங்கள்' என்று கடையில் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு வயலின் சிடியை எடுத்துக்கொண்டேன். ஸ்டெல்லாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்குள் ஒரு தனி அறை. தடித்த கம்பளம், சோபா, பெரிய திரை. கதவைச் சாத்தினால் தெருச் சத்தமே இல்லை. கடைக்காரப் பெண் தனித்தனிப் பெட்டிகளில் என் சிடியைப் போட்டார்.

என்ன சொல்ல! வில் தந்தியைத் தொடுகிற அந்த நொடிகூடக் கேட்டது. வாசிப்பவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. முடிவு செய்துவிட்டேன் — இதுதான்!

அந்தப் பெண் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன கேட்பீர்கள்?"

"நாங்கள் சனிக்கிழமைகளில் படம் பார்ப்போம்" என்று ஸ்டெல்லா நல்ல ஜெர்மனில் சொன்னாள்.

"அப்படியென்றால் படத்தையும் போட்டுப் பார்க்க வேண்டுமே!"

என் போனில் இருந்த ஒரு தமிழ்ப் படத்தை அந்தத் திரைக்கு அனுப்பினோம். நகைச்சுவைக் காட்சி. கல்யாண வீட்டில் சமையல்காரனும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சண்டை பிடிக்கிறார்கள். நான் சிரித்தேன். ஸ்டெல்லாவும் சிரித்தாள்.

ஆனால்... அவள் திரையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரித்து ஓய்கிற நேரத்தில்தான் அவள் தொடங்கினாள்.

பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள். "இஞ்சாருங்கோ, கீழ எழுத்து வராதோ?"

எழுத்து என்றால் சப்டைட்டில். ஜெர்மன் சப்டைட்டில். இங்கே பிறந்து வளர்ந்த மகளுக்கு வசனம் முழுக்கப் பிடிபடாது என்று அவளுக்காகப் போடத் தொடங்கியது அது. மகள் போன பிறகும் ஸ்டெல்லா அதை நிறுத்த விடவில்லை. 'ஜெர்மன் படிக்கத்தான்' என்றாள். நானும் நம்பினேன். நம்பியது மட்டுமா? சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன் — 'ஸ்டெல்லா இப்பவும் தமிழ்ப் படம் பாத்தே ஜெர்மன் படிக்கிறா!'

"தமிழ்ப் படத்துக்கு உமக்கு எழுத்து என்னத்துக்கப்பா?" என்றேன்.

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கதைக்கிறது விளங்கேல்லை. பாட்டுக் கேக்குது. சண்டை கேக்குது. ஆக்கள் கதைக்கிறதுதான் கரைஞ்சு போகுது. அந்த மெஷினுகளுக்குப் பக்கத்தில நிண்டு நிண்டு காது கொஞ்சம் மந்தமாப் போச்சுது போல. எழுத்தை வாசிச்சுச் சமாளிச்சன். வேலையால வந்து எவ்வளவு நேரம் எண்டு வாசிக்கிறது? கண் ஏலாது. அதுதான் எழும்பிப் போறனான்."

"சொல்லியிருக்கலாமே? சத்தத்தைக் கூட்டியிருப்பன்."

"கூட்டினா கீழ்வீட்டு மனுசன் வந்து மணி அடிப்பார். பிறகு... நீங்கள் போற வாற இடமெல்லாம் நான் ஜெர்மன் படிக்கிறன் எண்டு சந்தோசமாச் சொல்லித் திரிஞ்சியள். அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் அவளுக்குப் படமும் பிடித்திருக்கிறது, பக்கத்தில் இருக்கிறவனையும் பிடித்திருக்கிறது! இத்தனை நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் அந்தக் கம்பளத்திலேயே இறங்கிவிட்டது.

கடைக்காரப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கீழ்த்தட்டில் இருந்த ஒரு சாதாரண ரிசீவரைப் போட்டார். திரைக்குக் கீழே நடுவில் நீளமாக ஒரு ஸ்பீக்கர். படத்தில் ஆட்கள் பேசுவது பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கருக்குத்தான் போகுமாம். அதை மட்டும் தனியாகக் கூட்டலாம். குண்டு வெடிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், பேச்சு மட்டும் முன்னால் வரும். வசனத்துக்குக் கூட்டி, சண்டைக்குக் குறைத்து, ரிமோட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கீழ்வீட்டு மனிதரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

தனித்தனிப் பெட்டிகளிலும் இதைச் செய்ய முடியும்தான். அதற்கு இன்னும் சில பெட்டிகள், இன்னும் சில வயர்கள் வேண்டும். அவ்வளவையும் உள்ளே வைத்தால் நாங்கள் இருவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அதே காட்சியை மறுபடி ஓட்டினார். சமையல்காரன் வாயைத் திறந்தான். ஸ்டெல்லா சோபாவின் நுனிக்கு வந்தாள். சித்தப்பா பதில் சொன்னார். ஸ்டெல்லா சிரித்தாள் — எனக்கு முந்தியே! என்னைப் பார்க்காமலே!

அதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? "ரிசீவரே போதும்" என்றேன். வயலின் சிடியைப் பைக்குள் வைத்தபோது மனதில் ஒரு சின்ன வலி. மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த சிக்கல். நடு ஸ்பீக்கரை எங்கே வைப்பது? பழைய ரிசீவரோடும் இப்படி ஒன்று வந்ததுதான். அது கீழே கெல்லரில், அந்த நிலவறை இருட்டில், பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. ஏனென்றால் டிவிக்கு முன்னால் நட்டநடுவில் நிற்பது மாதா சொரூபம். பூவும் மெழுகுதிரியும் அங்கேதான். எங்கள் ஆட்களின் வீடுகளில் டிவி ஸ்டாண்டுக்குப் பீடத்தின் உத்தியோகமும் உண்டு. மாதாவை நகர்த்துகிற துணிச்சல் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஸ்டெல்லாவே தூக்கினாள். ஜன்னல் பக்கம் வைத்து, பூவைச் சரி செய்தாள்.

"மாதா கோவிக்க மாட்டா. இவ்வளவு காலமும் எங்கட முகத்தைத்தானே பாத்துக்கொண்டு நிண்டவா? கொஞ்ச நாளைக்கு டிராம் போறதைப் பாக்கட்டும்."

மருமகனுக்குச் செய்தியைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "ரிசீவரா மாமா... சரி, அத்தைக்குக் கேக்குதுல்ல, அதான் முக்கியம். பின்பக்கம் ப்ரீ-அவுட்னு ஒரு சாக்கெட் இருக்கான்னு மட்டும் பாருங்க. அதுல பிற்பாடு ஒரு பவர் ஆம்ப் மாட்டிக்கலாம்." நம்பிக்கையைக் கைவிடாத பையன்!

காது டாக்டரிடமும் டெர்மின் கேட்டிருக்கிறோம். ரிசீவர் மறுநாளே வந்துவிட்டது. டாக்டர் மாதக்கணக்கில் காத்திருந்து, இலை உதிர்ந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.

இதை எழுதும்போது யோசிக்கிறேன்... பாட்டுக் கேட்கிறது, சண்டை கேட்கிறது, கதைப்பதுதான் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் மட்டுமா இந்தக் கோளாறு?

போன சனிக்கிழமை புது ரிசீவரில் முதல் படம். ரிமோட்டை எடுத்து எழுத்தை நிறுத்தியது ஸ்டெல்லாதான். நாங்கள் எழுத்தோடு முன்பே பார்த்த படம். அவள் பாதியில் எழும்பவில்லை. கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை என் பக்கத்திலேயே இருந்தாள்.

"என்னப்பா, இண்டைக்கு நித்திரை வரேல்லையோ?" என்றேன், பெருமை தாங்காமல்.

"இல்லை. வடிவாக் கேட்டுது. ஒரு சொல்லும் விடாமக் கேட்டன்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா இஞ்சாருங்கோ, இந்த வசனமெல்லாம் ஜெர்மனில வாசிக்கேக்க இதைவிட நல்லா இருந்தது!"