குடம் தளும்பாத ஜீப்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதுவரையிலும் வருடா வருடம் தவறாமல் பாஸானது என் எடை மட்டும்தான். ஆனால் அந்த எடைக்கும் ஒரு வேலை வந்தது, பத்து வயதில்.

மாமாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. கல்யாண வீடுகளுக்குச் சாமியானாவும் சேர்களும் ஏற்றிப்போகும் வண்டி. எங்கள் தெரு அடையாற்றங்கரையில் இருந்ததால், மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்கே வந்து நலம் விசாரிக்கும். அப்படி வந்த ஒரு மழையில்தான் அத்தைக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்தது. ஜீப் பாதி வழியில் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. அத்தை இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி மாமா மனிதர்கள் யாரிடமும் பேசவில்லை. ஜீப்பிடம் மட்டும் பேசுவார், கெட்ட வார்த்தையில்.

இரண்டு வருடம் கழித்து அத்தை மறுபடி உண்டானாள். பிரசவம் ஐப்பசியில் என்றார்கள். சரியாக அடைமழையில். மாமா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வண்டியத் தூக்கிடறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைச் சுவரோரம் ஜீப்பை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகள் மேல் நிறுத்தினார். சக்கரங்களுக்கு மேலே வில் மாதிரி வளைந்து கிடந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றினார். புதுப்பேட்டையில் வாங்கி வந்த தடித்த பட்டைகளைச் சேர்த்து முடுக்கினார். பிரேக் குழாய் எட்டாமல் போக, நீளமாக வேறு வாங்கி மாட்டினார். மூன்று ஞாயிறு போனது. கட்டையை உருவியபோது ஜீப் ஒரு முழம் வளர்ந்திருந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் அகலத்தில்தான் வளர்ந்திருந்தேன்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தம்பியின் சாதனையைச் சுற்றிவந்தாள். "இன்னாடா இது, வண்டியா மச்சு வூடா? புள்ளத்தாச்சி எப்டிடா ஏறுவா?"

"ஸ்டூல் கீதுக்கா" என்றார் மாமா.

ஏறுவதில் சிக்கல் இல்லை. ஓடியபோதுதான் தெரிந்தது. பட்டை தடித்துப்போனதால் காலி வண்டி குதிரை மாதிரி குதித்தது. முதல் வேகத்தடையிலேயே நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு பட்டையைக் கழற்றினால் குதிப்பது நிற்கும், ஆனால் உயரம் போய்விடும். உயரம் போனால் தண்ணீர் வரும். மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் கனம் இருந்தால் வண்டி அமரும்.

"சேரு ஏத்துனா கடகடன்னு சத்தம் போடும். நீ ஏறு நைனா."

"நானும் சத்தம் போடுவேனே மாமா."

"அது பழகிப்போச்சு."

அத்தை உட்காரவேண்டிய இடத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் வந்து உட்கார்ந்தது, கழுத்துவரை தண்ணீரோடு. அதுதான் பரீட்சை. அபிராமபுரத்துத் தெருக்களில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றாக ஏறி இறங்குவோம். மாமா இறங்கி வந்து குடத்தை எட்டிப் பார்ப்பார். தளும்பியிருக்கும். நட்டைக் கொஞ்சம் திருகுவார், சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார், மறுபடி போவோம். நாலு வாரம் காலையில் எனக்குக் குளிக்கும் வேலை மிச்சம்.

ஐந்தாவது வாரம், குடம் தளும்பாவிட்டால் பன் பட்டர் ஜாம் என்று மாமா வாய் தவறிச் சொல்லிவிட்டார். நான் குடத்தின் வாயை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டேன். தெருக்கோடியில் மாமா வந்து பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பானட்டில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு தலை குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றுக்கு இரண்டு பன் வாங்கித் தந்தார். இரண்டையும் தின்றேன்.

ஐப்பசியும் வந்தது. அத்தைக்கு வலி எடுத்த அன்று மொட்டை வெயில். ஆறு வெகு தூரத்தில் சாதுவாகப் படுத்திருந்தது. தெருமுனையில் நாலு ஆட்டோ சும்மா நின்றன. அம்மா ஒன்றைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "ஆட்டோலயே போலாம்டா. இந்தக் குதிர மேல ஏத்திக்கினு போவியா?"

மாமா வாதாடவில்லை. "ஆமாக்கா, அதான் நல்லது" என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அத்தை சுவரைப் பிடித்தபடி ஒரு வலி போகும்வரை காத்திருந்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்டூல எடுத்துக்கினு வாடா" என்றாள்.

பின்னால் அத்தை, அம்மா, கனத்துக்கு நான். மயிலாப்பூர் ஆஸ்பத்திரி போகிறவரை ஒவ்வொரு பள்ளத்திலும் அத்தையின் நகம் என் தோளில் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் மாமா திரும்பி, "வலிக்குதா?" என்பார்.

"இல்லய்யா, படகு கணக்கா போவுது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்பாள் அத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு. குடத்தின் வாயைப் பொத்திவிடலாம், அத்தையை என்ன செய்வது?

ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே போவதற்கு முன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "மாமாகிட்ட சொல்லு. வண்டிய நல்லா செஞ்சிக்கீறாரு, ஒரு தட்டுகூட தட்டலன்னு சொல்லு."

"தட்டுச்சே அத்தை..."

"எதுத்துப் பேசாத. போய் சொல்லு."

அன்று பிறந்தவள் இப்போது எட்டாவது படிக்கிறாள். என் எழுத்துப்பிழைகளைத் திருத்துகிறாள். ஆனால் அவள் பிறந்த செய்தி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே மாமா ஜீப்பின் சக்கரத்தை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன்.

மாமா கைத்துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததேயில்லை, அந்த மழைக்குப் பிறகுகூட. வேலையைப் பாராட்டினால் பெரியவர்களுக்கு இப்படிக்கூட அழுகை வரும்போல என்று நினைத்தேன். பாராட்டு போதவில்லையோ என்று, என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்.

"பிரேக்கும் சூப்பராம் மாமா."