மிளகாய்க்குப் புகை போட்ட வருஷம்

கடைகளில் உரப் பசளை இல்லாமல் போன அந்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். மூத்த மகள், உங்கள் ராத்தாவுக்குத்தான் நடந்தது தெரியும். அவள் சொன்னால் எனக்காகப் பாதியை மறைத்துச் சொல்லுவாள். அதனால் நானே எழுதுகிறேன்.

ஆலங்குடாவுக்குப் போகிற வழியில் நாம் குத்தகைக்குச் செய்த தோட்டம் முழுக்க மணல். யூரியா போட்டால்தான் அதில் எதுவும் எழும்பும். இருபது வரிசை மிளகாய் நட்டு மூன்று கிழமையில், அரசாங்கம் பசளை இறக்குமதியை நிறுத்திவிட்டது என்றார்கள். புத்தளத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு பிடியும் கிடைக்கவில்லை. அந்த மிளகாய் போனால் அடுத்த போகம் வரைக்கும் வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை.

ஒரு பின்னேரம் ராத்தா விஞ்ஞானப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். செடிகள் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு என்ற கரிவாயுவை எடுத்துத்தான் உணவு தயாரிக்கின்றன என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்ப செடி மண்ணைத் தின்னுறதில்லையா, மகள்?”

“இல்ல வாப்பா. உடம்பில பெரும்பங்கு காத்தில இருந்துதான். மண்ணைத் திண்டு வளர்ந்தா, இந்தத் தென்னைக்குக் கீழ கிணறு மாதிரிப் பள்ளம் எல்லோ விழுந்திருக்கணும்?”

எழும்பிப் போய்த் தென்னையடியைப் பார்த்தேன். பள்ளம் இல்லை. அவ்வளவு பெரிய மரம், காற்றால் ஆனது! பிறந்த நாள் முதல் தோட்டத்தில் நிற்கிற எனக்கு இது தெரியாது.

“அந்தச் சாமான் வேற எதில இருக்கு?”

“எரிக்கிற புகையிலயும் இருக்கு. வாப்பா, இன்னும் இருக்கு, அடுத்த பக்கத்தில...”

“போதும், மூடு” என்றேன். மூடச் சொன்னது நான்தான்.

மறுநாள் காலை தோட்டத்துக்குள் தேங்காய் உரிமட்டையைக் குவித்து மூட்டினேன். புகை தடிப்பாக எழும்ப, வேலி மரமாக நின்ற கிளிரிசீடியாவின் பச்சை இலைக் குழையை வெட்டி வெட்டி மேலே போட்டேன். ஆடுகள் இருமும் என்று, தோட்டத்து ஓரத்தில் இருந்த நம் ஆட்டுப்பட்டியில் இருந்து நாலு வரிசை தள்ளித்தான் நெருப்பு. சோழகக் காற்று புகையை மற்றப் பதினாறு வரிசைக்கும் கொண்டுபோனது. என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற மீன்காரத் தம்பி சைக்கிளை நிறுத்திக் கேட்டான்:

“என்ன நானா, கருவாடு போடுறீங்களா, மிளகாய் போடுறீங்களா?”

“சாப்பாடு போடுறன்டா” என்றேன். பெரிய பெருமை எனக்கு.

மூன்று கிழமை அப்படியே செய்தேன். வேலி மொட்டையானது. செடிகள் வெளிறின. புகை போதாது என்று நினைத்து இன்னும் போட்டேன். கடைசியில் உங்கள் உம்மாதான் தோட்டத்தின் நடுவில் நின்று கூப்பிட்டா.

“இஞ்ச வாங்க. கண்ணைத் தொறந்து பாருங்க. நீங்க புகை குடுக்காத நாலு வரிசையும் கறுத்த பச்சை. குடுத்தது எல்லாம் மஞ்சக்காமாலை!”

போய்க் குனிந்து பார்த்தேன். ஆட்டுப்பட்டியில் இருந்து மூத்திரமும் புழுக்கையும் ஊறி வந்த நாலு வரிசை. அது மட்டும்தான் தழைத்து நின்றது.

வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். காற்றில் இருப்பதை எடுக்க இலை பச்சையாக இருக்க வேண்டும். அந்தப் பச்சைக்கு, யூரியாவில் இருக்கிற நைதரசன் என்ற சத்து வேண்டும். அது வேரால்தான் வர வேண்டும். கொஞ்சம்தான் தேவை. அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் காற்று முழுக்கச் சாப்பாடு கிடந்தும் செடியால் அள்ள முடியாது.

“வாப்பா, நீங்க வெட்டி எரிச்ச குழையில அதுதான் நிறைய இருந்தது” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தான் படித்ததால்தான் மிளகாய் போனது என்று நினைத்துவிட்டாள். பயிருக்கான பசளையை என் கையாலேயே வெட்டி எரித்திருக்கிறேன், அழுகிறது பிள்ளை! அவளைப் பிடித்து வைத்து, “பிழை என்ட, மகள். பாதியில மூடினவன் நான்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். உலகம் விடுகிற புகையை மரங்கள் எடுக்கிறது உண்மைதானாம். ஆனால் வேருக்குச் சத்துக் குறைந்த காடு ஒரு அளவுக்கு மேல் எடுக்காதாம். டீச்சர் சொன்னாவாம். மரம் இருக்கிறதுதானே, எல்லாப் புகையையும் தின்னட்டும் என்று இருக்கிற அத்தனை பேரும் என்னைப் போலப் பாதிப் பக்கத்தில் மூடினவர்களா?

பட்டி மண்ணைச் சுரண்டி மற்ற வரிசைகளுக்கும் சுமந்தோம். பிந்திவிட்டது. நாலு வரிசைதான் காய்த்தது. அந்தப் போகம் முழுக்க உம்மா வெயிலில் அடுத்தவர் வெங்காயத்துக்குக் களை பிடுங்கப் போனா. மாமி வீட்டுக்குப் போறா என்று உங்களிடம் சொல்லிவைத்தேன். அது பொய்.