மஞ்சள் வைத்த கவுன்

என் அலமாரியின் அடித்தட்டில் நான்கு வயதுக் குழந்தைக்கான நீலக் கவுன் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். எங்களுக்குக் குழந்தை இல்லை.

குஜராத்தில் பூமி அதிர்ந்த ஆண்டு, நாங்கள் அமெரிக்காவில் சுகர் லேண்டுக்கு வந்த புதிது. கணவர் காலையிலேயே ஃப்ரீவேயில் கலந்துவிடுவார். எனக்கு வேலை செய்ய விசா இல்லை, கார் ஓட்டவும் தெரியாது. கார்பெட் விற்பவன் போன் செய்தால்கூட ரிசீவரை வைக்க மனம் வராது. அடுத்த தெரு ஆன்ட்டிதான் ஒருநாள், "சும்மாதானே இருக்கே, எங்க வீட்டு கராஜுக்கு வா" என்று இழுத்துப் போனார். வீடிழந்த பிள்ளைகளுக்காக எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கித் தந்த புதுத்துணி அங்கே குவிந்து கிடந்தது. ஆன்ட்டியின் இரண்டு மகன்களும் வேறு மாநிலங்களில். ஞாயிறுதோறும் போனில் ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பார்கள்.

அளவு பார்த்துப் பிரிப்பது என் வேலை. ஆன்ட்டி கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் வைப்பார். "புதுசை அப்படியே போடலாமா? மஞ்சள் வெச்சாதான் அம்மா கொடுத்த மாதிரி இருக்கும். அதுங்களுக்கு இப்போ யாரு வெப்பா?" எனக்கும் அது சரியென்றே பட்டது.

நிவாரண அமைப்பு நாங்கள் அனுப்பிய பெட்டிகள் அத்தனையையும் திருப்பிவிட்டது. கறை படிந்த துணியைக் குழந்தைகளுக்கு அனுப்ப மாட்டார்களாம். கப்பல் கிளம்பும் நாளோ நெருங்கிவிட்டது. ஆன்ட்டிக்கு முகமே செத்துப்போயிற்று. சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவந்து வேறு பயமுறுத்தியது. வெயிலில் போட்டால்தான் போகும். ஆனால் எங்கள் குடியிருப்பு அசோசியேஷன் விதிப்படி வெளியே துணி காயப்போடக் கூடாது.

"அசோசியேஷன்காரன் லெட்டர் போட்டா போடட்டும். பிள்ளைங்க குளிர்ல இருக்கும்டி" என்று அவரே பின்கட்டில் கொடி கட்டினார்.

டெக்சாஸ் வெயில் மஞ்சளை வெளுத்துவிட்டது. கடைசிப் பெட்டியை ஒட்டும் முன் ஆன்ட்டி ஒரு சட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "சுத்தமா போயிடுச்சு. இப்போ யாரோ கொடுத்த துணி" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

எல்லாம் போன பிறகுதான், ஆன்ட்டியின் கராஜில் அலமாரிச் சந்தில் விழுந்து கிடந்த இந்தக் கவுன் கிடைத்தது. "நீ வெச்சுக்கோ. உனக்கு ஆகும்" என்று என் கையில் கொடுத்தார். ஆகும் என்று நானும் நம்பினேன்.

ஆன்ட்டி இப்போது இல்லை. போன தீபாவளிப் புடவைக்கு மஞ்சளை நானே வைத்துக்கொண்டேன். பிறகு கவுனை எடுத்து விரித்தேன். வெயிலே படாததால் மஞ்சள் அன்று வைத்தது போலவே இருக்கிறது. இதைப் போட்டிருக்க வேண்டிய பிள்ளை அந்தக் குளிரில் எதைப் போட்டுக்கொண்டதோ.