கிளேபாங் கடையில் நான் வாய் திறக்காத நேரம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மலாக்காவில் கிளேபாங் கடலோரச் சாலையில் இருக்கும் டீயும் ரொட்டியும் விற்கும் ஒரு சின்ன ஒட்டுக்கடையில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வாயாடி. குருபோங்கில் தொழிற்சாலை வேலை பார்த்த காலத்தில், மெஷின் சத்தத்தையும் மீறி என் குரல்தான் கேட்கும் என்பார்கள். அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனநோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்குத் துணையாக வேலை செய்யப் பயிற்சி தருகிறார்கள் என்று தேவாலயத்தில் ஒருவர் சொன்னார். பேசத் தெரிந்தவளுக்கு ஏற்ற வேலையாச்சே என்று போய்ச் சேர்ந்தேன்.

போனால், அங்கே முதல் பாடமே பேசாமல் இருப்பது!

சொல்லிக்கொடுத்த டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவங்க பக்கத்துலயே நிப்பாங்க. ஆனா நம்ம ஆளுங்க அவங்கள விட்டுட்டு, கூட வந்தவங்ககிட்டதான் கேப்பாங்க, சாப்பிடுறாங்களா, தூங்குறாங்களான்னு. கூட வந்தவங்களும் பதில் சொல்லிடுவாங்க. அப்படி உங்ககிட்ட கேள்வி வந்தா வாயத் திறக்காதீங்க. கண்ண மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவங்க பக்கம் திருப்புங்க. அவங்களே பதில் சொல்லட்டும்."

வகுப்பில் நடித்துப் பழகினோம். ஒவ்வொரு முறையும் நான் தோற்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் என் வாயிலிருந்து விழுந்துவிடும். "அக்கா, உங்க வாய்க்கு பிரேக்கே இல்ல லா" என்று கூடப் படித்தவர்கள் ஓட்டினார்கள்.

பயிற்சியின் பிற்பகுதியில் ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போகச் சொன்னார்கள். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். யாரும் இல்லாதபோதும் காதில் குரல் கேட்கிற நோய் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, மருந்து சாப்பிட்டுத் தேறியவள். உயரத் தூக்கி ஆற்றுகிற பால் டீயான தே தாரிக்கை அவள் ஆற்றினால் நுரை கிளாஸுக்கு மேலே எழும்பி நிற்கும். கிளேபாங் கடைக்கார அண்ணனுக்கு அவள் கதை தெரியும். "ஒரு வாரம் பாக்கறேன்மா. கஸ்டமருங்க ஒண்ணும் சொல்லலன்னா வேலைக்கு வச்சிக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அவள் ஏப்ரனைத் தினமும் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வருவாள். அதிலேயே தெரியும், அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று.

அந்த வாரத்தின் கடைசி நாள்தான் நான் சொல்கிற சனிக்கிழமை. ஒரு ஆன்ட்டி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். தே குடித்தார். அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இது நம்ம எஸ்டேட் பொண்ணுதானே? ஆஸ்பத்திரியில கெடந்துச்சே? இப்ப எப்படி இருக்கு? சுடுதண்ணியெல்லாம் இதுகிட்ட குடுக்கலாமா?"

அவள் கையில் குவளையோடு அங்கேயே நிற்கிறாள். பக்கத்து மேசையில் சாப்பாடு நின்றுபோனது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். என் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது: டாக்டரே சொல்லிட்டாரு ஆன்ட்டி, இவ தங்கமான பொண்ணு... கடித்து விழுங்கினேன். கண்ணை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் குவளையை வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்விட்டாள்.

குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, என்னால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். "என்னாம்மா, கேட்டுக்கிட்டே இருக்கேன், நீ ஊமையா?" என்றார் ஆன்ட்டி. என் வாழ்க்கையில் என்னை அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்!

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து மேசைக்கு நேராக நின்றாள்.

"ஆன்ட்டி, என்னையே கேளுங்க. ஆமா, ஆஸ்பத்திரியில இருந்தேன். மருந்து சாப்பிடறேன், நல்லா இருக்கேன். நீங்க குடிச்ச தே நான் ஆத்துனதுதான். இன்னொண்ணு போடவா?"

ஆன்ட்டி தன் கிளாஸைப் பார்த்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை.

"போடு... சீனி கொறச்சலா. எனக்கு சுகர். நானும் மாத்திரையிலதான் ஓடறேன்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆன்ட்டி!"

ஆன்ட்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் ரொட்டியைப் புரட்டிப் போட்டபடி, "தங்கச்சி, திங்கக்கிழமை நேரத்தோட வந்துரு லா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "அந்த ஆன்ட்டியப் பாத்து பயந்துட்டியாம்மா?"

"அவங்களுக்கு இல்லக்கா. எனக்குப் பதிலா நீங்க பேசிடுவீங்களோன்னுதான் பயம். மூஞ்சி கழுவறப்பவும் காது உங்க பக்கந்தான் இருந்துச்சு."



இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன், வாயும் குறையவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவரை விட்டுவிட்டு யாராவது என்னிடம் கேள்வி கேட்டால், எங்கோ ஒரு குழாய் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். பதில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறது, வந்துவிடும் என்று காத்திருப்பேன்.