விபத்தில்லாப் பட்டறை

கேடயம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் வாங்கி வந்து காட்டினால்கூட வாய்தான் வாழ்த்தும். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? கோபமெல்லாம் எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஓர் அறக்கட்டளையின் மேல்.

அம்பத்தூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் அது இருந்தது. தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளில் விபத்து வராமல் தடுப்பது, தொழிலாளர்களுக்கு அதற்கான பாடம் சொல்வது, அவர்கள் குடும்பங்களின் நலம் பேணுவது என்று நோட்டீசில் நோக்கம் அச்சடித்திருக்கும். குறை சொல்ல முடியாத நோக்கம். நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு, ஆவடியில் அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் சும்மா இருந்தேன். வேலை கிடைத்ததும் அம்மா நாலு வீட்டுக்குக் கேசரி கொடுத்தாள். மகள் சமூக சேவைக்குப் போகிறாளாம்.

என் சேவை இதுதான். சுருட்டிய படங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போவேன். சாப்பாட்டு மணி அடித்ததும் சுவரில் ஆணி தேடி ஒரு படத்தை மாட்டி, அவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடும்போது பத்து நிமிஷம் பேசுவேன். ‘கவனம் தப்பினால் விரல் தப்பாது’ என்பது நானே எழுதிய வாசகம். எங்கள் செயலாளர், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதை மெச்சிப் போஸ்டராகவே அடித்துவிட்டார். நானும் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. விரல் போனால் தப்பு விரலுக்குச் சொந்தக்காரனுடையது என்று பேட்டை பூராவும் ஒட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

மோட்டார் வண்டிகளுக்குத் தகர உதிரிகள் வெட்டித் தரும் பட்டறை ஒன்றில் ஒரு பெண் தகரம் வெட்டும் பிரஸ் எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தாள். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவாள். ஆவடியில் நான் ஏறும்போது பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் நான் பேசி முடித்ததும் அவள் எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தாள்.

“இன்னாம்மா, இதுல இந்தப் பொம்பள ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கிகினு கீறா? எங்கூட வா, காட்றேன்.”

அவளுடைய எந்திரத்தில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கி வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் இரும்புக்கடியில் இருக்க முடியாது. யோசித்துச் செய்த ஏற்பாடு. இடப்பக்கத்துப் பொத்தானில் ஒரு தீக்குச்சியை ஒடித்துச் சொருகியிருந்தார்கள். அது எப்போதும் அமுங்கியபடியே இருந்தது.

“ஒரு கையால தகரத்த வெக்கணும், ஒரு கையால அமுக்கணும். அப்பதான் அவன் கேக்குற பீஸு கணக்கு ஏறும்.”

“யாருக்கா சொருகினது?”

“சூப்பர்வைசரு. நான் குச்சியப் புடுங்கினேன்னு வெச்சுக்க, சாய்ங்காலம் என்னியப் புடுங்கிப் போட்ருவான். நீ படிச்ச பொண்ணு. எங்கனா எய்திப் போடேன்.”

அன்று மாலையே செயலாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதோ பாரும்மா, மனுஷனைத் திருத்தறதுதான் நம்ம வேலை. மெஷினைத் திருத்த வேற ஆள் இருக்காங்க” என்றார். அந்தப் பட்டறை முதலாளி எங்கள் கமிட்டியில் இருந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அவர் கொடுத்தவை. பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக்கூடாது என்பார்கள். எங்கள் செயலாளருக்குத் தடியைப் பற்றி மட்டும்தான் கவலை. நானும் சரி சார் என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டேன்.

அந்த வருஷம்தான் கேடயத்தை அறிவித்தார்கள். ஒரு வருஷம் முழுக்க விபத்தே நடக்காத பட்டறைக்கு ஒரு வெள்ளிக் கேடயம். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் ஒரு கரும்பலகை வைத்து, விபத்தில்லாத நாள் எத்தனை என்று தினமும் எழுத வேண்டும். இதைவிட முட்டாள்தனம் உண்டா? அதுவரை யாருக்காவது கை நசுங்கினால் டெம்போவில் போட்டுக்கொண்டு தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். கேடயம் வந்த பிறகு காயத்தை மறைக்க ஆரம்பித்தார்கள். கை வெட்டுப்பட்டவன் ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்றான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பதற்கு எங்களைத்தான் உதாரணம் காட்ட வேண்டும்.

ஒரு புதன்கிழமை காலை அந்தப் பட்டறைக்குப் புதுப் படம் மாட்டப் போனேன். அக்கா எந்திரத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் ரயிலில் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவளோடு வேலை செய்யும் ஒரு பெண் என்னை ஜன்னலோரம் இழுத்து, காதோடு சொன்னாள். நான் வந்துபோன ஒரு மணி நேரத்தில் அக்காவின் இடது கை உள்ளே போயிருக்கிறது. மூன்று விரல்கள் போய்விட்டன. காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையாம். முதலாளிக்கு வேண்டிய டாக்டரின் கிளினிக் ஒன்று பூந்தமல்லிப் பக்கம் இருந்தது, அங்கே கொண்டுபோய்த் தைத்திருக்கிறார்கள்.

இறங்கியதும் நேரே பட்டறைக்குப் போனேன். வாசல் பலகையில் நாள் கணக்கு இரண்டு கூடியிருந்தது. எந்திரத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அங்கிருந்து எங்கள் ஆபீசுக்கு ஓடினேன். செயலாளர் மேசையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. வீட்டில் மாவாட்டும்போது கிரைண்டரில் கை மாட்டிக்கொண்டது என்று எழுதி, கீழே அக்காவின் கைநாட்டு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கரண்டே இழுக்காத வீடு! அவள் குழந்தைகள் சிம்னி விளக்கில் படிக்கின்றன. கிரைண்டர் எங்கிருந்து வந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குச் சோறாவது நிறைய வேண்டாமா?

அன்றே பட்டாபிராமுக்குப் போனேன். அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்கா கைநாட்டு வெச்சே?”

“இன்னா பண்ணச் சொல்ற? மொதலாளி பெருக்குற வேல தரேன்னாரு. வெக்கலன்னா அதுவும் இல்ல. ரெண்டு பொண்ணு கீதே.”

பெருக்கும் வேலையை எத்தனை நாள் தருவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று பதிவானால் காப்பீட்டிலிருந்து ஆயுசுக்கும் மாதாமாதம் பென்ஷன் வரும். அதற்கு, அன்று அவள் எந்திரத்தில் இருந்தாள் என்று யாராவது சாட்சி சொல்ல வேண்டும். கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், எல்லாருக்கும் வயிறு இருக்கிறது. முதலாளியிடம் சம்பளம் வாங்காமல் அவளை அன்று காலை எந்திரத்தில் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

எழுதினேன். பார்த்த நேரம், பொத்தான், தீக்குச்சி, கரண்ட் இல்லாத வீடு எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிக் காப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். செயலாளர் கூப்பிட்டு, “ஒரு வருஷ உழைப்பை நாசம் பண்ணிட்டியேம்மா” என்றார். “யாரோட உழைப்பு சார்?” என்று கேட்டேன். அதோடு என் சமூக சேவை முடிந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விசாரணை முடியவில்லை என்பதால், விழாவை அவர்கள் குறித்த நாளிலேயே நடத்தினார்கள். கேடயமும் அந்தப் பட்டறைக்கே போனது. கரும்பலகைக்கு மாலை போட்டிருந்தார்களாம். கேட்டபோது ஆத்திரத்தில் அழுதேன்.

விசாரணை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதற்குள் பெருக்கும் வேலையும் போய்விட்டது. நானும் அக்காவும் எத்தனை முறை காப்பீட்டு அலுவலக வராந்தா பெஞ்சில் காத்திருந்தோம் என்று நினைவில்லை. கடைசியில் ஒருநாள் என் கடிதத்தை ஒப்புக்கொண்டு பென்ஷனுக்கு உத்தரவு போட்டார்கள். அக்கா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அதையும் படித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபமே இல்லாமல், ஏதோ பஸ் நேரம் விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

“இவ்ளோ நல்லா எய்தத் தெரிஞ்சிகினு, நான் மொத மொத சொன்னப்ப ஏம்மா எய்தல?”

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் முதலில் வந்தது. வேலையை விட்டுவிட்டு இவளுக்காக அலைகிறவளைப் பார்த்து இப்படியா கேட்பது? உத்தரவை மடித்து அவளுடைய வலது கையில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. விபத்து வருமுன் தடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.