அப்படி ஆள் இங்க இல்லீங்க

செர்டாங்கில் நான் நுழைந்த கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாசின் விளிம்பைத் துடைத்து, முகர்ந்து பார்த்து, அதற்கப்புறம்தான் நான் வாயில் வைப்பேன். வீட்டில் மனைவி கொடுக்கும் காப்பிக்கும் இதே மரியாதைதான். இத்தனை வருடம் வசவு வாங்கியும் திருந்தவில்லை. சந்தேகம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு டீக்கடையில் தொற்றிய வியாதி.

அந்தக் கடையை நடத்திய நானாவின் ஆட்கள் யாராவது அகப்படுவார்களா என்றுதான் அன்று காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பாடாங் மேஹாவில் ஒரு காதுகுத்துக்குப் போகிறேன் என்றதும் அக்கா சொல்லிவிட்டாள்: "போறதுதான் போற, நானா வூட்டு ஆளுங்க யாராச்சும் இருந்தா கேட்டுட்டு வா. ஏன் அப்படிப் பண்ணாருன்னு."

பாடாங் மேஹா முனைக்கடையில் ஒரு வங்காளதேசத்துப் பையன் எனக்கு மலாயில் பதில் சொன்னான். அடுத்த கடையில் கேட்ட கேள்விக்குப் பதிலாக ரொட்டி சானாய் வந்தது. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர்தான், நானாவின் மகன் செர்டாங்கில் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

கெட்டிப்பால் சூட்டில் இளகும் வாசனை இருக்கிறதே, அதன் முன்னால் என் வயது நிற்காது. எங்கள் ரப்பர் தோட்டத்து நானா கடையில் பால் டின் காலியானால் தூக்கி எறிய மாட்டார். வாயருகே துளை போட்டுக் கயிறு கட்டி மாட்டி வைப்பார். வீட்டுக்கு டீ வாங்கிப்போக அதுதான் பாத்திரம். ரப்பர் பாலின் புளித்த நாற்றத்திலேயே நாள் முழுவதும் கிடந்துவிட்டு வருபவனுக்கு அந்த டின்னின் வாசனை ஒரு சொர்க்கம். நானா தமிழ் முஸ்லிம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். இந்துவோ முஸ்லிமோ, தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் நானாதான். அப்பா மாலை தவறாமல் அங்கே உட்கார்ந்திருப்பார்.

தெரியாத முகம் ஒன்று கடைக்குள் நுழைந்தால் பேச்சு உடனே மழைக்கு மாறிவிடும். முழுக்கால் சட்டையும் சப்பாத்தும் போட்ட முகம் என்றால் மழைப்பேச்சும் நின்றுவிடும். எங்கள் துரைகூட அரைக்கால் சட்டைதான். முழுக்கால் சட்டை போட்டு வருகிறவன் சர்க்கார் ஆள் என்பது தோட்டத்தின் முடிவு. அதற்குக் காரணமும் இருந்தது. நீல அடையாளக் கார்டு வைத்திருந்தவர் இந்த நாட்டுக் குடிமகன். சிவப்புக் கார்டு வைத்திருந்தவர் வேலை செய்யவே தனி அனுமதி வாங்க வேண்டும் என்று வந்துவிட்ட காலம் அது. கிடைக்காதவர்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். அப்பாவிடம் இருந்தது சிவப்பு. அனுமதி இல்லாமல்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு மெர்போக் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அக்கா அவரை ஒரு திருவிழாவில் பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது பாடிக்கொண்டே போனாள். நான் அப்போது அதே தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் காதிலும் விழுந்தது.

அந்தக் காலத்தில் பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டுக்கு வர மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்து டீக்கடைக்கு வருவார்கள். அப்படித்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு துணையோடு வந்தார். காரில் வந்தார். முழுக்கால் சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டு, தங்கள் பக்கத்துக் கௌரவம் குறையாமல் வந்தார். டீக்குச் சொல்லிவிட்டு அப்பாவைப் பற்றிக் கேட்டார்:

"இங்க முனுசாமின்னு ஒருத்தர் இருக்காராமே, எந்த லயம்? ஊர்ல எந்தப் பக்கம்? எங்க பொறந்தவரு, எப்ப இங்க வந்தவரு?"

சம்பந்தம் பேச வருகிறவன் சாதி தெரிந்துகொள்ள இதைத்தான் கேட்பான். கார்டு பார்க்க வருகிறவனும் இதைத்தான் கேட்பான்.

நானா டீயை ஆற்றிக்கொண்டே, "அப்படி ஆள் இங்க இல்லீங்க," என்றிருக்கிறார்.

பெஞ்சிலிருந்த ஒருவர், "இருந்தாரு லா, போன வருசமே ஊருக்குக் கப்பலேறிட்டாரு," என்றாராம். இன்னொருவர் அதற்கும் மேலே போய், "அவருக்கு ஏதுங்க பொண்ணு, புள்ளகுட்டியே கெடையாதே," என்றாராம். உதவி செய்ய இறங்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அளவே தெரியாது.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களாம். அந்தக் குடும்பத்துல ஏதோ இருக்கு, வேணாம்னுட்டாங்க."

அவரை மறுபடி அனுப்பி விளக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டாள். "வேணாம்னவன் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?" என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். 'ஏதோ இருக்கு' என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனது. அதற்குப் பிறகு வந்த வரன்களும் பாதி வழியிலேயே திரும்பின. அக்காவுக்குக் கல்யாணம் நடக்கவே இல்லை.

நானா வேண்டுமென்றே செய்தார் என்பது அக்காவின் தீர்ப்பு. அம்மா அப்போது வீட்டிலேயே தோசை சுட்டு விற்க ஆரம்பித்திருந்தாள். நானா கடையில் காலைக் கூட்டம் குறைந்திருந்தது. "வயித்தெரிச்சல்," என்பாள் அக்கா. பயத்தில் சொல்லியிருக்கலாம் என்று நான் வாதாடினால் என்னையும் சந்தேகமாகப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பாவும் போவதை நிறுத்திவிட்டார். வீட்டிலேயே பாலில்லாத தே ஓ போட்டுக் குடித்தார். மகள்மேல் இருந்த பாசம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

செர்டாங் கடைக்கு வருகிறேன். டீ ஆற்றியவருக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே, கவுன்சில்லேருந்து வர்றீங்களா? கிளாஸெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு."

"இல்லீங்க. பழைய தோட்டத்து ஆளு ஒருத்தரப் பத்தி விசாரிக்கணும். முனுசாமின்னு, உங்க அத்தா கடைக்கு வருவாரு."

கண்ணை இமைக்காமல் சொன்னார்: "அப்படி ஆள் யாரையும் தெரியாதுங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து என் கால்சட்டையையும் சப்பாத்தையும் பார்த்துக்கொண்டேன். "நான் அவரு மகன்," என்றேன். அவர் நம்பவில்லை. "உங்கம்மா என்ன வித்தாங்க?" என்று பரீட்சை வைத்தார். தோசை என்றதும்தான் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"உங்கப்பாதாண்ணே கேட்டுக்கிட்டாரு. முழுக்கால் சட்டை போட்டவன் எவன் வந்து கேட்டாலும் நான் இல்லேன்னு சொல்லிடுங்கன்னு கடைக்கே சொல்லி வச்சிருந்தாரு. அத்தாவுக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்கன்னு தெரியாது. தெரிஞ்சதும் நானே மெர்போக்குக்குப் போய் உள்ளதச் சொல்லிட்டு வர்றேன்னு கெளம்பிட்டாரு. உங்கப்பா அத்தா கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. சொன்னா கார்டு விஷயம் வெளிய வந்துடும், வேணாம்னாரு. அத்தா கடைசிவரைக்கும் வாயத் தொறக்கல."

பிறகு கேட்டார்: "அக்கா நல்லாருக்காங்களா?"

நல்லாயிருக்கிறாள் என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பும் வழியில் தோட்டத்துப் பக்கம் காரை விட்டேன். பால்மரமும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கடை எந்த இடத்தில் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. அவர் பயந்த பயத்தை நினைத்தால் அழுகையும் வந்தது. அக்காவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரும் அகப்படலக்கா. கடையே இல்ல," என்றேன்.

"ஒனக்குப் பொய் சொல்ல வராதுடா," என்றாள், தலை நிமிராமல். "அப்பாதான சொல்லி வச்சாரு?"

நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும். கோவம்னா அப்பா போயி சண்டை போடுற ஆளு. பேசாம வூட்ல ஒக்காந்து தே ஓ குடிச்சாரு பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"பின்ன ஏன் இத்தன காலமா நானாவத் திட்டுன?"

"அப்பாவுக்குத் தெனம் நான்தான சோறு போட்டேன். அவரத் திட்டிக்கிட்டே எப்படிடா சோறு போடுறது? நானா கொஞ்சம் தள்ளி இருந்தாரு."

கீரையை முறத்தில் தட்டினாள். பிறகு, "நானா வூட்ல நம்மள ஏதாச்சும் திட்டுனாங்களா?" என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்னை அனுப்பியிருக்கிறாள்.

"இல்லக்கா. நானா மவன் நீ நல்லாருக்கியான்னு கேட்டாரு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானா பாவம்," என்றாள். "இப்ப அவரும் இல்ல, அப்பாவும் இல்ல. இனிமே நான் யாரத் திட்டுறது?"