ஊசிக்கு முன் ஒரு வாய் பொங்கல்

யுத்த காலத்தில் என் தம்பிக்குப் புத்தி பேதலித்தது. சுவருக்குள் யாரோ இருந்துகொண்டு திட்டுகிறார்கள் என்று சுவரோடு சண்டை போடுவான். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சர்க்கரை வியாதிக்குப் போடும் இன்சுலினையே அவனுக்கும் போடுவதாக டாக்டர் சொன்னார். விடியற்காலை, வெறும் வயிற்றில் ஊசி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும். பிறகு சர்க்கரைத் தண்ணீர் ஏற்றி எழுப்புவார்கள். பல நாள் இப்படிச் செய்தால் புத்தி தெளியலாமாம்.

நான் முதல் நாள் மாலையே மயிலாப்பூர்க் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வைத்து, காலை முதல் டிராமில் போய், ஊசிக்கு முன் அவன் வாயில் கொஞ்சம் ஊட்டிவிடுவேன்.

வார்டு ஆள் கேட்பான். "இன்னாவாவது துன்னானா சாமி?"

"ஒண்ணும் சாப்பிடலப்பா."

நான் பொய் சொல்லவில்லை. விரத நாளில்கூடப் பிரசாதம் வாங்கிக்கொள்கிறவன் நான். எங்கள் வீட்டில் அதைச் சாப்பாடாக யாரும் நினைத்ததில்லை.

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் நினைவு தப்பினார்கள். இவன் வேர்த்து விறுவிறுத்ததோடு சரி. டாக்டர் தினமும் மருந்தைக் கூட்டினார்.

"உங்க ஊசியில சத்தே இல்லையா டாக்டர்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அண்ணா, விடு. நடுவுல வேர்க்கிறது நான்தானே?" என்றான் தம்பி.

எட்டாம் நாளுக்கு முந்தின மாலை கிரகணம். கோயில் நடை சாத்திவிட்டார்கள். வெறுங்கையோடு போனேன். அன்று ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவன் கண் செருகிவிட்டது. மூக்கு வழியே குழாய் விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார்கள். எழவில்லை. நரம்பிலும் ஏற்றினார்கள். உச்சிவேளை ஆயிற்று. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வேண்டாத தெய்வமில்லை.

"நேத்தும் கிட்டத்தட்ட இதே அளவுதான். கண்ணுகூடச் சொக்கலையே!" என்றார் டாக்டர்.

"இன்னிக்குப் பிரசாதம் கொடுக்கலை. அந்தக் குறைதான்" என்று அழுதேன்.

"என்ன பிரசாதம்?"

"சர்க்கரைப் பொங்கல். தினமும் ஒரு வாய்."

வார்டு ஆள் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், துன்னலன்னு சொன்னியேய்யா! டெய்லி வெல்லத்தக் குடுத்துட்டு, ஊசி மேல பழி போட்டுக்கினு கீற!"

"பிரசாதம் சாப்பாடாகுமாப்பா?" என்றேன்.

சாயங்காலம் தம்பி கண் திறந்தான். திறந்ததும் சுவரைப் பார்த்து முறைத்தான்.

மறுநாள் டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "மறுபடி ஆரம்பிங்க. பச்சைத் தண்ணிகூட அவன் வாயில படாம பார்த்துக்கறேன்."

"முடியாது ஐயா. உங்க வார்த்தையை நம்பி இனி என்னால மருந்தை அளக்க முடியாது."

அந்த வார்டிலிருந்து இரண்டு பேர் தெளிந்து வீட்டுக்குப் போனார்கள். என் தம்பியை நான் அப்படியே கூட்டிக்கொண்டு வந்தேன். சுவாமியை நோக மனம் வரவில்லை. டாக்டரை நொந்தும் பிரயோசனமில்லை. அந்த ஏழு நாளும் "சாப்பிடலை" என்று சொன்னவன் நான்தான்.